முப்பத்தொன்று ஓடவில்லை

இன்றைக்கு ஹாலில் இருப்பவர்கள்: என் மகன் அரசு, மருமகள் வினோதினி, மகள் மங்கை, மாப்பிள்ளை இளங்கோவன், என் மனைவியின் அண்ணன் வைரக்கண்ணு, எதிர்வீட்டு ஜெய்புன்னிசா, கடைசியாக நான். ஆக ஏழு பேர். பேத்திக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடப்பதால் தஞ்சாவூரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், அவளைச் சேர்க்கவில்லை. திவசம் பண்ணிவைத்த குருக்கள் பதினொன்றேகாலுக்கே போய்விட்டார், அவரையும் சேர்க்கவில்லை. என் மனைவி தையல்நாயகி அலமாரி மேல் படமாக இருக்கிறாள். இன்றைக்கு அவளுக்குத்தான் தலைத் திவசம், வாழைப்பூ வடையும் பாயசமும் அவளுக்காகத்தான், இருந்தாலும் அவளையும் சேர்க்கவில்லை. மணி இரண்டு நாற்பது. எல்லோரும் சாப்பிட்டாகிவிட்டது. என் வாயில் வெற்றிலை இருக்கிறது. எல்லோரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். டிவியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. முப்பத்தொண்ணு போடுடா தம்பி என்று மங்கை சொன்னதிலிருந்து அது சுற்றுகிறது. நான் சுற்றுகளை எண்ணுகிறேன். பதினேழு, பதினெட்டு. நின்றுவிடக் கூடாது, ஓடவும் கூடாது, இப்படியே சுற்றிக்கொண்டே இருந்தால் போதும், சாயங்காலம் ஐந்தரைக்குத் தஞ்சாவூர் பஸ், மங்கை கிளம்பிவிடுவாள். இருபத்திரண்டில் வட்டம் நின்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், இந்தக் கோப்பை இயக்க முடியவில்லை. நான்தான் டிவியைத் தமிழில் பேச வைத்திருந்தேன். எனக்குப் புரியட்டும் என்று வைத்தேன், இப்போது எல்லோருக்கும் புரிகிறது.

வீட்டு விசேஷ வீடியோப் படங்கள் எல்லாம் என் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அங்கிருந்து இங்கே கம்பி எதுவும் கிடையாது. கம்ப்யூட்டர் காற்றில் அனுப்புகிறது, டிவி வாங்கிக்கொள்கிறது, நடுவில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே வைஃபை பெட்டி நாலு பச்சை விளக்கோடு நின்று இந்தப் பக்கத்துச் சரக்கை அந்தப் பக்கம் மாற்றிவிடுகிறது. முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சரக்கு என்றால் ஒரு வாசலில் நுழைந்து ஒரு வாசலில் வெளியே போக வேண்டும், நடுவில் ஒருத்தன் நின்று எண்ண வேண்டும். அரசுதான் போன வருஷம், அவன் அம்மா காரியம் முடிந்த கையோடு, பழைய சிடிகள், கேமராவில் போடும் சின்ன கார்டுகள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, பேர் போடுறது நீங்கதாம்ப்பா, உங்க அளவு பொறுமை இந்த வீட்ல யாருக்கும் இல்ல என்றான். எனக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பான். எட்டாவதோடு நின்றவன் நான், ஆனால் எண்ணிக்கையில் யாரும் என்னைக் குறை சொன்னது கிடையாது. நாற்பத்தேழு படங்கள். உறை மேல் எழுதியிருந்ததைப் பார்த்து ஒன்றிலிருந்து நாற்பத்தேழு வரை எண் போட்டு, பக்கத்தில் பேர் எழுதி, பட்டியலை நோட்டில் ஏற்றினேன். மங்கைக்குப் போனில் முழுதும் வாசித்தேன். அவள் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். அந்தத் தாள்தான் இப்போது அவள் மடியில் நாலாக மடித்த தடத்தோடு கிடக்கிறது. முப்பத்தொன்று, மங்கை வளைகாப்பு, உறையூர் வீடு. அதை வாசித்த பிறகு, லைன் போய்விட்டதோ என்று இரண்டு தரம் ஹலோ சொன்னேன். பிறகு கேட்டாள், அதுல அம்மா எனக்கு வளையல் போடுறது இருக்காப்பா. பார்க்கணும்மா என்றேன். அவளே சொன்னாள், இருக்காதுப்பா, அம்மா போடவே இல்ல, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அம்மாவுக்கு அப்பவும் என் மேல கோவம் தீரல. நான் சொன்னது இதுதான்: அதெல்லாம் இல்லம்மா, ஏதாவது வேலையா இருந்திருப்பா. இருந்திருப்பா. ஏதோ நான் வெளியூரில் இருந்ததுபோல. கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றவன் நான்.

அரசு முப்பதைப் போட்டுப் பார்க்கிறான். ஓடுகிறது. வினோதினியின் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், அவர் மாலையைச் சரிசெய்கிறார். சரி, சர்வர் வேலை செய்யுது என்கிறான் அரசு. முப்பத்திரண்டு, ஓடவில்லை. முப்பத்து மூன்று, ஓடவில்லை. மாப்பிள்ளை ரிமோட்டை வாங்கி நாற்பதைப் போடுகிறார், அதுவும் ஓடவில்லை. வைரக்கண்ணு மச்சான் நாற்காலியில் சாய்ந்தபடி என்னைக் காட்டி, முப்பது வரைக்கும்தான் நம்ம மாப்ள படிச்சிருக்கார், அதுக்கு மேல டிவிக்கும் தெரியல என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். தங்கையின் திவசத்துக்கு வந்து சிரிக்கவைக்கிற மனுஷர் அவர் ஒருத்தர்தான், தையலுக்கும் அது பிடிக்கும். நானும் சிரிக்கிறேன், வாயில் வெற்றிலை இருப்பதால் கையால் மறைத்துக்கொண்டு. காது இரண்டும் சுடுகிறது. நெற்றியில் வேர்வை இல்லை, முதுகில் இருக்கிறது, பனியன் ஒட்டிக்கொண்டது. முப்பதுக்கு மேல் ஏன் ஒன்றும் ஓடவில்லை என்று இந்த ஏழு பேரில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். புதன்கிழமை மத்தியானம் வினோதினி ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது முப்பத்தொன்றை எடுத்துவிட்டேன். அழிக்கத்தான் போனேன். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது, ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி. ஆம் மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தில் தையல் பத்தொன்பது நொடி வருகிறாள். மற்ற நாற்பத்தாறில் அவள் எங்கே வந்தாலும் முதுகு, அல்லது இலை போடுகிற கை, அல்லது யாருக்கோ பின்னால் பாதி முகம். இந்தப் பத்தொன்பது நொடியில்தான் நேராகப் பார்க்கிறாள். கேமராவை அல்ல, என்னை. இல்லை என்பதை அழுத்தினேன். புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து, தனி என்று அதற்குப் பேர் வைத்து, உள்ளே போட்டு மூடினேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் முப்பது இருக்கிறது, முப்பத்திரண்டு இருக்கிறது, நடுவில் இல்லை. பார்க்கிற எவனும் கேட்பான். எவனும் கேட்காவிட்டாலும் என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முப்பத்திரண்டை முப்பத்தொன்றாக்கினேன், முப்பத்து மூன்றை முப்பத்திரண்டாக்கினேன், இப்படியே பதினாறு படங்களுக்குப் பேர் மாற்றி நாற்பத்தாறில் கொண்டுவந்து முடித்தேன். நோட்டிலும் திருத்தினேன். டிவி பழைய பட்டியலையே மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று யார் கண்டார்கள். அது பழைய பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறது, கம்ப்யூட்டரில் அந்தப் பேரில் யாரும் இல்லை, வட்டம் சுற்றுகிறது.

மங்கை தாளை மடித்து மடித்துப் பிரிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அழுகை வந்தால் கையில் கிடைத்ததை மடிப்பாள். இளங்கோவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் வந்து நின்ற நாளில் முந்தானை நுனியை மடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, நான் எதற்கும் ஒன்றும் சொல்கிற ஆள் இல்லை. தையல்தான் சத்தம் போட்டாள். ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் ஆனது, பதினாலு மாசம் தாயும் மகளும் பேசவில்லை. பிறகு வயிற்றில் ஏழு மாசம் என்று யாரோ சொல்ல, தையல் என்னிடம்கூடச் சொல்லாமல் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிப் போய் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். வளைகாப்பு எங்க வீட்லதான் என்று சம்பந்தியிடம் அவளே பேசினாள். நூற்றுப்பத்து பேருக்குச் சமையல். ஐந்து விதச் சாதம். மூன்று நாள் அவள் தூங்கவில்லை. இவ்வளவும் செய்தவள் வளையல் மட்டும் போடவில்லை என்றால் மகள் என்ன நினைப்பாள். ஊருக்காகச் செய்தாள், எனக்காகச் செய்யவில்லை என்று நினைப்பாள். பதினைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். தையலிடமே ஒரு தரம் கேட்டிருக்கிறாள் என்று ஜெய்புன்னிசா எனக்குச் சொன்னாள். தையல் அதற்குச் சொன்ன பதில், மறந்துட்டேன்டி. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்றுதான் நானும் இரண்டு மாசம் முன்பு வரைக்கும் நினைத்திருந்தேன். வளைகாப்பில் வளையல் போடுகிற பெண்கள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று. அது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அன்றைக்கு எண்ணிக்கை என் பொறுப்பு. வேறு யாரிடம் கொடுப்பார்கள். பதினொன்று ஆகிவிட்டது, பன்னிரண்டாவதாக அவள் வந்தாள், நான் நிறுத்தினேன். வழக்கத்தைக் காப்பாற்றினேன் என்று இருந்துவிட்டேன். ஒவ்வொரு படத்தையும் முழுதாகப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட வேலையில், காதில் மாட்டும் கருவியை மாட்டிக்கொண்டு முப்பத்தொன்றைப் பார்த்தேன். பார்க்கும்போது பழக்கத்தில் எண்ணினேன். பத்து வந்தது.

மறுபடி எண்ணினேன், பத்து. பேர் பேராக எழுதி எண்ணினேன், பத்து. இருபத்தெட்டு வருஷம் சிமெண்ட் குடோன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மூட்டை எண்ணியவன் நான். ஒன்றுக்கு லாபம் என்று சொல்லி, லாபம், ரெண்டு, மூணு என்று ஆரம்பித்தால் லாரி நிரம்பும்வரை நாக்கு நிற்காது, ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு, நடுவில் யார் வந்து பேசினாலும் காதில் ஏறாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேஸ்திரி சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று, ஆளைப் பார்க்காதே, வந்து போறதைப் பாரு. ஒரே ஆள் நாற்பது தரம் வருவான், நாற்பதும் கணக்கு. ஆள் முகத்தைப் பார்த்தால் குழம்பிவிடும். அதனால் எனக்கு அங்கே யார் முகமும் தெரியாது, முதுகும் மூட்டையும்தான் தெரியும். வளைகாப்பு மணைக்கு எதிரிலும் நான் அப்படித்தான் எண்ணியிருக்கிறேன். சம்பந்தியம்மா, லாபம். அவர் மகள், ரெண்டு. என் அக்கா சிவபாக்கியம், மூணு. எட்டுப் பேர் போட்டு முடித்த பிறகு, அக்கா போட்ட வளையல் மங்கையின் கை முட்டியில் சிக்கிக்கொண்டது என்று அக்கா திரும்பவும் வந்து எண்ணெய் தடவி ஏற்றிவிட்டுப் போகிறாள். வந்தாள், போனாள். நான் ஒன்பது என்று போட்டுவிட்டேன். கூடப் பிறந்தவளை ஒரு மூட்டையாக எண்ணியிருக்கிறேன். அதற்குப் பிறகு வந்த இரண்டு பேரைச் சேர்த்துப் பதினொன்று. உண்மையில் பத்து. தையல் வந்தது பதினொன்றாவதாக. அவளுக்கென்றே விட்டுவைத்தது போன்ற இடம் அது. சரியான இடம். அதில்தான் நான் அவளைப் போ என்றேன். அதற்கப்புறமும் படத்தில் இரண்டு வார்த்தை இருக்கிறது, அதற்குள் நான் போக மாட்டேன், எண்ணிக்கைத் தப்போடு நின்றுகொள்கிறேன், அதுவே போதும், அதைத்தான் இந்த இரண்டு மாசமாகச் சோற்றில் கை வைக்கும்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை லாரி. எத்தனை ஆயிரம் மூட்டை. ஒரு நாள் ஒரு சொல் வந்தது கிடையாது. குடோனில் என்னை எண்ணிக்கைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள், பேர் சொல்ல மாட்டார்கள். எனக்கு இருந்ததே அது ஒன்றுதான்.

கம்ப்யூட்டர்லயே போய்ப் பார்த்துடறேன், அங்க இருக்கும் என்று அரசு எழுந்திருக்கிறான். என் அறைக்குள் போய் அவன் உட்கார்ந்தால் இரண்டே நிமிஷம். வினோதினி நல்லவேளையாக அவனைக் கூப்பிட்டு, இலையெல்லாம் பின்பக்கம் அப்படியே கிடக்கு, குப்பை வண்டி மூணு மணிக்கு வந்துடும், அதை எடுத்துட்டு அப்புறம் படம் பாருங்க என்கிறாள். அவன் பின்பக்கம் போகிறான். நான் எழுந்திருக்கிறேன். தண்ணீர் குடிக்கப் போவதுபோல. என் நாற்காலியிலிருந்து செருப்பு ஸ்டாண்டுக்கு ஒன்பது அடி. நான்காவது அடியில் மச்சான், என்ன மாப்ள வெத்தலையத் துப்பவா என்கிறார், தலையை ஆட்டுகிறேன். பச்சை விளக்குகள் நாலும் அவசரமாகக் கண் சிமிட்டுகின்றன, ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பின்னால். பெட்டிக்குக் கீழே சுவிட்ச். இது இல்லையென்றால் கம்ப்யூட்டர் அனுப்புவது டிவிக்கு வராது, நெட் போய்விட்டது என்பார்கள், கம்பெனிக்காரனுக்குப் போன் போடுவார்கள், அவன் நாளைக்கு வருவான். எழுபத்திரண்டு வயதில் திருடனைப் போலச் சுவரோடு சாய்ந்துகொண்டு சுவிட்சை அமுக்கினேன். விளக்குகள் அணைந்தன. திரும்பினால் ஜெய்புன்னிசா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஹாலில் மற்றவர்கள் டிவியைப் பார்க்க, அவள் மட்டும் இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என் கை இன்னும் சுவிட்ச் மேல். தையலோடு பதினொரு வருஷம் இந்த வாசலில் நின்று பேசியவள். என்னோடு இதுவரை நாற்பது வார்த்தை பேசியிருப்பாளோ என்னவோ. டிவியில், இணைப்பு இல்லை என்று வருகிறது. மாப்பிள்ளை, அட, இப்ப மொத்தமாவே போயிடுச்சே என்கிறார். ஜெய்புன்னிசா யாரையும் பார்க்காமல், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொல்கிறாள், "உங்க கை பட்டு அணைஞ்சிருக்கும் பாருங்கண்ணே. போட்டு விட்டுடுங்க." எனக்கு வெளியே வர ஒரு வழி வைத்துவிட்டாள். அவள் அப்படிச் செய்யாமல், ஏண்ணே அணைச்சீங்க என்று கேட்டிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது. போட்டுவிட்டேன். விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. லாபம், ரெண்டு, மூணு. நாலாவது வர நேரம் எடுத்துக்கொண்டது.

நான் செய்த காரியம் என்னவென்று உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. பெட்டி அணைந்து எரிந்ததில் டிவி எல்லாவற்றையும் மறந்துவிட்டு, கம்ப்யூட்டரிடம் புதிதாகப் பட்டியல் கேட்டு வாங்கியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம், நல்லதாப் போச்சு மாமா, லிஸ்ட்டு புதுசா வந்துடுச்சு என்கிறார். படங்கள் நாற்பத்தாறு என்று மேலே போட்டிருக்கிறது. மங்கை தாளைப் பார்க்கிறாள், டிவியைப் பார்க்கிறாள், தாளில நாப்பத்தேழு இருக்கே என்கிறாள். முப்பத்தொண்ணுன்னு வேற எதோ வீட்டுக் கிரகப்பிரவேசம் இருக்குப்பா. எனக்கு வாய் நிறைய எச்சில். மச்சான், எண்ணிக்கைக்காரர் கணக்குல ஒண்ணு குறையுதா, உலகம் அழியப் போவுதுடி என்கிறார். அரசு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, மேல போங்க மாமா, எல்லாத்துக்கும் மேல ஏதோ ஃபோல்டர் இருக்கு பாருங்க என்கிறான். இருக்கிறது. தனி. பக்கத்தில் அடைப்புக்குள் ஒன்று என்ற எண். வேறு இடத்தில் வைத்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். அதே கூரைக்கு உள்ளேயே ஓர் அறை கட்டி அதில் வைத்திருக்கிறேன், டிவி கதவைத் திறந்து காட்டிவிட்டது, எத்தனை உருப்படி என்பதைக்கூட எண்ணிச் சொல்லிவிட்டது. தனி என்று வாய்விட்டுப் படித்துவிட்டு மங்கை என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். வேறு யார் இந்தக் கம்ப்யூட்டரில் தமிழில் பேர் வைப்பார்கள். நான் தரையைப் பார்க்கிறேன். ஹாலில் அகலத்துக்கு ஏழு டைல்ஸ். அவள் ரிமோட்டை மாப்பிள்ளை கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

ஓடுகிறது. ஒரு தரம்கூட வட்டம் வரவில்லை. என் அறையில் சின்னதாகப் பார்த்தது இங்கே சுவர் அளவுக்கு வருகிறது. உறையூர் வீட்டுக் கூடம், வாழைக் கன்று, மணையில் என் மகள், இருபத்து நாலு வயது, கன்னத்தில் சந்தனம். எனக்குப் பின்னால் யாரோ பாடுகிறார்கள். சம்பந்தியம்மா வருகிறார். மாப்பிள்ளை, அம்மா எவ்ளோ ஒல்லியா இருந்திருக்காங்க என்கிறார். எல்லோரும் பேசுகிறார்கள், அது யாரு, இது யாரு, அந்தப் புடவை இப்ப யார்ட்ட இருக்கு. மங்கை மட்டும் ஓரங்களைப் பார்க்கிறாள், கதவுப் பக்கம், சமையலறை இருட்டு. அம்மா எங்கே நிற்கிறாள் என்று தேடுகிறாள். அக்கா இரண்டாம் தரம் வந்து எண்ணெய் தடவுகிறாள். ஒன்பது என்று என் குரலே மெதுவாகக் கேட்கிறது, யாரும் கவனிக்கவில்லை. இன்னும் இரண்டு பேர். என் நெஞ்சு அடிப்பதை எண்ண முடியவில்லை, முதல் தடவையாக ஓர் எண்ணிக்கை எனக்குப் பிடிபடவில்லை. மங்கை படத்திலிருந்து தானாகத் தெரிந்துகொள்ளும் முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். வெற்றிலையைத் துப்ப நேரமில்லை, விழுங்கினேன், தொண்டை எரிந்தது. "நிறுத்தும்மா." அவள் நிறுத்தினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஆறு பேர். "உங்கம்மா வந்தா மங்கை. வளையலோட வந்தா. நான்தான் பதினொண்ணு ஆச்சுன்னு போகச் சொல்லிட்டேன். பத்துதான் ஆயிருந்துச்சு. சிவபாக்கியத்த ரெண்டு தரம் எண்ணிட்டேன்." இவ்வளவு நீளமாக நான் பேசி எத்தனை வருஷம் ஆயிற்றோ. குரல் வேறு யாருடையதோ போல வந்தது. மங்கையின் முகம் நான் பயந்ததுபோல ஆகவில்லை. வாய் கொஞ்சம் திறந்தது. "அம்மா வந்தாங்களா?" அவ்வளவுதான் கேட்டாள். கணக்குத் தப்பு அவள் காதில் விழவே இல்லை. அம்மா வந்தாங்களா, அம்மா வந்தாங்களாம்ங்க என்று மாப்பிள்ளையிடம் திரும்பச் சொல்கிறாள், கண்ணில் தண்ணீர், சிரிப்பு. மச்சான், போ மாப்ள, நீ எண்ணினது தப்பா, இன்னிக்கு மழைதான் என்று என் முழங்காலைத் தட்டினார். எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. இவ்வளவுதானா. இதற்கா இரண்டு மாசம். இதோடு நிறுத்திவிடலாம்மா என்று சொல்ல நினைத்தேன். அம்மா வருவதை அவள் பார்க்க வேண்டாமா. அவள் பட்டனை அழுத்தினாள்.

தையல் வருகிறாள். சமையலறைக் கதவிலிருந்து, முந்தானையில் கை துடைத்தபடி, வேர்த்து, அவசரமாக, இரண்டு பச்சை வளையலை விரலில் மாட்டிக்கொண்டு. மங்கைக்குப் பின்னால் வருவதால் மணையில் இருக்கிற மங்கைக்குத் தெரியவில்லை. நானும் போட்டுடறேங்க என்கிறாள் என்னைப் பார்த்து. என் குரல், பக்கத்தில் இருப்பதால் எல்லாவற்றையும்விடச் சத்தமாக, "பதினொண்ணு ஆயிடுச்சு. நீ போட்டா ரெட்டப்படை. போய் எலையப் பாரு." இது நான் சொல்லிவிட்டதுதானே, தெரிந்ததுதானே. ஆனால் படம் அங்கே நிற்கவில்லை. அக்கா சிவபாக்கியத்தின் குரல், அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது, நல்ல தெளிவாக, "பெத்தவ போடாமயாடா தம்பி? இன்னொருத்தியக் கூப்பிடு, பதிமூணாக்கிடலாம்." தையல் நிற்கிறாள். என் முகத்தைப் பார்க்கிறாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருக்கிறாள், கையில் வளையல். இந்தப் பார்வையைத்தான் நான் அழிக்க முடியாமல் வைத்திருந்தேன். கொஞ்சம் சிரித்த மாதிரிகூட இருக்கிறது, பதிமூன்று என்றால் சரிதானே என்று கேட்பதுபோல. எனக்கு அப்போது என்ன அவசரம். சீர்த் தட்டு இருபத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் படம் பிடிக்க வேண்டும், அதுதான் அவசரம், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. என் குரல் சொல்கிறது, "நேரமில்லக்கா. கேமராவுல சார்ஜ் போயிடுச்சு. இதோட முடிஞ்சுது." தையல் சரி என்று தலையாட்டிவிட்டு, இரண்டு வளையலையும் தன் கையிலேயே போட்டுக்கொண்டு, திரும்பிப் போகிறாள். பத்தொன்பது நொடி. அவள் போன கதவை விட்டுவிட்டுக் கேமரா சீர்த் தட்டுகள் பக்கம் திரும்புகிறது. முதல் தட்டு, வாழைப்பழம். மெதுவாக, ஆடாமல், நன்றாகப் பிடித்திருக்கிறேன். இரண்டாவது தட்டு, பூ. மங்கை மூன்றாவது தட்டு வரைக்கும் பார்த்தாள். பிறகு நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. மச்சான் என் முழங்காலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். ஜெய்புன்னிசா எழுந்து, வரேன் வினோதினி என்று மெல்லச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள். "சார்ஜ் இல்லன்னீங்களேப்பா" என்றாள் மங்கை, டிவியைப் பார்த்தபடியே, சத்தம் இல்லாமல். நின்றுபோன படத்துக்குக் கீழே ஒரு கோடு, கோட்டின் இடப் பக்கம் ஓடிய நேரம், வலப் பக்கம் இன்னும் ஓட வேண்டியது. நான் சொல்லாவிட்டாலும் எழுத்து பெரிதாகத்தான் இருந்தது, எல்லோருக்கும் தெரிந்தது. மீதி நாலு நிமிஷம் இருபத்தொரு நொடி.